எஞ்சின் கேட்ட பெண்

சர்வஜித்து வருஷம், ஆவணி 3 (1887)

நெடுங்கரைக்கு வந்து சேர்ந்தோம். பஞ்சு மில் வரப்போகிற ஊர் என்று தூத்துக்குடி ஆபீசில் அவ்வளவு பெருமையாகச் சொன்னார்கள். வந்து பார்த்தால் ஊரைத்தான் காணவில்லை. ஆறு இருக்கிறது, மலை இருக்கிறது, நடுவில் உடைமரக் காடு. காட்டுக்குள் ஒரு கூடாரம், கூடாரத்துக்குள் கிரிம்சா துரை. சீமையில் இதுபோல நாலைந்து மில்களை நிறுத்தியவராம். அவருக்குத் தமிழ் தெரியாது, வேலை செய்கிறவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நின்று பேச ஒரு ஆள் வேண்டுமென்று என்னை எடுத்திருக்கிறார்கள். ரைட்டர் ஆவுடையப்ப பிள்ளை, மெட்ரிகுலேஷன் பாஸ்.

பிரமு வண்டியை விட்டு இறங்கி நாலு பக்கமும் பார்த்தாள். என் மாமன் மகள்தான், எனக்கு வாழ்க்கைப்பட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. "அத்தான், உங்க படிப்புக்கு வேற காடே கிடைக்கலியா?" என்று கேட்டாள். வண்டிக்காரன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

மாசி 14

இத்தனை மாசம் எழுதவே நேரமில்லை. காடு போய்விட்டது. உடைமரமெல்லாம் செங்கல் சூளைக்கு விறகாகிவிட்டன. ஆற்றுக்கரையில் எங்கே பார்த்தாலும் சூளை, சுண்ணாம்புக் காளவாய். சித்தாள் பெண்கள் தலையில் கல்லோடு வரிசையாகப் போவதைப் பார்த்தால் மில்லே நடந்து போவது போலிருக்கிறது.

ஆட்கள் எங்கிருந்துதான் வருகிறார்களோ. கோவில்பட்டிக் கரிசலிலிருந்து, விளாத்திகுளத்திலிருந்து, ராமநாதபுரம் சீமையிலிருந்து. தாது வருஷப் பஞ்சத்தில் குடும்பத்தைப் பறிகொடுத்துவிட்டு எங்கெங்கோ அலைந்தவர்கள். உலகம்மாள் என்று ஒரு சித்தாள். எந்த ஊர் என்று கேட்டேன். "ஊரு இருந்திச்சு, அதுல ஆளு இல்லை" என்றாள். கூலிப் பதிவில் ஊர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன்.

வெற்றிலைக்கடை ஒன்று வந்துவிட்டது. கடைக்காரர் பூதத்தான். நாவிதர் வந்துவிட்டார். இனி இது ஊர்தான்.

சர்வதாரி வருஷம், ஆனி 20 (1888)

இன்று பாய்லர் வந்தது.

கப்பலில் தூத்துக்குடி, ரயிலில் திருநெல்வேலி, அங்கிருந்து மாடு கட்டி இழுத்து, ஆற்று மணலில் பனந்தடிகளை அடுக்கி உருட்டிக்கொண்டு வந்தார்கள். எத்தனை ஜோடி மாடு என்று எண்ண ஆரம்பித்துப் பாதியிலேயே விட்டுவிட்டேன். ஒரு தெருவையே இரும்பில் செய்து படுக்க வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கரையேறியதும் கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ ஒருவன் அதன் நெற்றியில் திருநீறு பூசி, சந்தனப் பொட்டும் வைத்துவிட்டான். அதற்கு நெற்றி எது என்று அவனுக்கு எப்படித் தெரிந்ததோ. துரை தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.

மனிதன் செய்ததுதான் இது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெட்ரிகுலேஷன் பாஸ் செய்தவனுக்கே அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆவணி 25

பிரமு தலை முழுகாமல் இருக்கிறாள்.

ஆவணி 26

நேற்று எழுதியதை எடுத்து மறுபடியும் படித்தேன். அப்படியேதான் இருக்கிறது.

பத்து வருஷம். அரசமரத்தைச் சுற்றியாயிற்று, ராமேசுவரம் போயாயிற்று. எந்தக் கல்யாண வீட்டிலும் அவளை முன்வரிசைக்குக் கூப்பிட மாட்டார்கள். ஊரில் யாருக்கு வளைகாப்பு நடந்தாலும் அடுப்படியில் நின்று சித்திரான்னம் கிளறுகிறவள் அவள்தான். கூடத்துக்கு வந்து வளையல் போடச் சொல்லி ஒருத்தி கூப்பிட்டதில்லை. அவளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. இன்று காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று, "ஏழாம் மாசம் தையில வருது. இந்த ஊரையே கூப்பிடணும் அத்தான்" என்றாள்.

கூப்பிடுவோம்.

ஐப்பசி 9

மழையினால் வேலை இல்லை. துரை கூடாரத்தில் உட்கார வைத்துத் தன் ஊர்க்கதை சொன்னார். மான்செஸ்டருக்குப் பக்கம். அவருடைய பாட்டனார் காலத்தில் அங்கே ஓர் ஓடையும் ஆட்டுப்பட்டியும்தான் இருந்தனவாம். இன்று நின்று பார்த்தால் நூறு புகைக்கூண்டு தெரிகிறதாம். விடியற்காலையில் கட்டைச் செருப்புப் போட்டுக்கொண்டு ஜனங்கள் மில்லுக்குப் போகிற சத்தத்தில் தெருவே அதிருமாம். துரையின் தாயார் தறி ஓட்டினவராம். இவர் பிறப்பதற்கு முதல் நாள் வரை வேலைக்குப் போனாராம். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். துரைமார் எல்லோரும் துரை வீட்டில்தான் பிறப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொன்னார். அங்கே புது எஞ்சினை ஒரு பெண்தான் முதன்முதலில் ஓட்டி வைக்க வேண்டுமாம். அதுதான் வழக்கமாம். முதலாளியின் பெண்டாட்டியோ மகளோ வந்து நீராவியைத் திறந்துவிட்டால்தான் சக்கரம் சுற்றுமாம்.

சாயங்காலம் பூதத்தான் கடையில் இதைச் சொன்னேன். எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இந்த ஊரில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

ஐப்பசி 24

மில்லுக்குக் கட்டுகிற புகைக்கூண்டின் மேல்வரிசை மறுபடியும் சரிந்துவிட்டது. இது இரண்டாவது தடவை. விடாத மழையில் சுண்ணாம்புச் சாந்து பிடிக்கவில்லை, மழை விட்டபிறகு கட்டலாம் என்று துரை சொன்னார். கொத்தனார் மாடக்கண்ணுவுக்கு அது மனதில் ஏறவில்லை. "சாந்து இல்ல ரைட்டரய்யா. அது என்னவோ கேக்குது" என்றார். இதைத் துரைக்கு எப்படிச் சொல்வது? 'மழை விடட்டும் என்கிறார்' என்று சொல்லி வைத்தேன்.

கார்த்திகை 6

மழை விட்டது. கூண்டு ஏற ஏறக் கழுத்து வலிக்கிறது. பனைமரத்தின் மேல் பனைமரம் வைத்து, அதன் மேலும் ஒன்றை வைத்த உயரம். மேலே நிற்கிற கொத்தனாருக்குத் திருநெல்வேலிக் கோபுரம் தெரிகிறதாம். பொய்யாகத்தான் இருக்கும். ஆனாலும் கேட்கும்போது மயிர்க்கூச்செறிகிறது.

பிரமுவுக்கு ஐந்தாம் மாசம் என்று துரைக்குத் தெரிந்துவிட்டது. நல்ல மனுஷன். ஒரு சிவப்புக் கம்பளியும் ஒரு குலை ரஸ்தாளியும் கொடுத்தனுப்பினார். வேலையாள் அதைத் தலைமேல் வைத்துக் கடைத்தெரு வழியாக எல்லோரும் பார்க்கக் கொண்டு வந்தான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கார்த்திகை 18

ஊர் வாயை உலைமூடி போட்டு மூட முடியுமா?

கிடாயை வெட்டுவதற்கு முன்னால் மாலை போட்டுப் பழம் கொடுப்பார்களாம். ரைட்டர் வீட்டுக்குச் சிவப்புத் துணியும் பழமும் போயிருக்கிறதாம். கூண்டு நிற்பதற்கும் எஞ்சின் சுற்றுவதற்கும் ஒரு தலைச்சூலி வேண்டுமாம். முதல் பிள்ளையைச் சுமக்கிறவள். அணை கட்டினாலும் புதையல் எடுத்தாலும் தலைச்சூலியைத்தான் பலி கேட்கும் என்பது இவர்களுக்குத் தெரிந்த கதையாம். எஞ்சினுக்கு ஒரு பெண் வேண்டும் என்று ரைட்டரே கடையில் சொன்னாராம்.

நான் சொன்னது வேறு. இவர்கள் கட்டிக்கொண்டது வேறு. "நெருப்பில்லாமப் புகையுமாவே?" என்கிறார் பூதத்தான். பாய்லரில் இன்னும் நெருப்பே மூட்டவில்லை. படிக்காத ஜனங்கள், என்ன செய்வது?

கார்த்திகை 19

இந்த வருஷம் ஆற்றுக்கு அக்கரையில் குடிவந்திருக்கிற அவள் அண்ணன்மார் வீட்டில் பிரமுவைக் கொண்டு விடலாமா என்று கேட்டேன். இங்கே செங்கல் தூசி, அவளுக்கு ஆகாது. அதற்காகத்தான்.

"தூசி ஒரு வருசமா இருக்கு அத்தான். இன்னைக்கா தெரியுது?" என்றாள். போகமாட்டாளாம்.

மார்கழி 2

பிரமுவுக்கு ஒரு தாயத்து வாங்கிக் கட்டினேன். பனிக்காலத்தில் சளி பிடிக்காமல் இருக்கும்.

மார்கழி 11

கூண்டின் அடியில், புகை போகிற குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். கல்வேலை சரியாக இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டுமே. மூலையில் ஒரு மேடை மாதிரி இருந்தது. எதற்கு என்று துரையைக் கேட்டேன். கரி அள்ளுகிறவன் நிற்பதற்கு என்றார். நீள அகலத்தை அளந்தேன். ஆள் நிற்கலாம், படுக்க முடியாது.

வருகிற வழியில் சுடலைமாடனுக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். ஊர் வழக்கத்தையும் மதிக்க வேண்டும்.

மார்கழி 23

மில்லுக்கு ஆள் எடுத்து முடிந்திருந்தது. அவர்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகளில் குடியும் வந்துவிட்டார்கள். இன்று காலையில் பார்த்தால் வரிசை வீடுகளில் பாதி காலி. சட்டி பானையோடு அக்கரைக்குப் போய்ப் பந்தல் போட்டுக்கொண்டார்கள். பிள்ளைத்தாய்ச்சி உள்ள குடும்பம் ஒன்றுகூட இக்கரையில் இல்லை. மீதிப் பேரும் கேட்டுக்குள் கால் வைக்க மாட்டோம் என்கிறார்கள்.

தை பிறந்ததும் திறப்பு. எஞ்சினை ஓட்டி வைக்கச் சென்னையிலிருந்து டைரக்டரின் மனைவி வருவதாக இருந்தது. வேலைக்கு ஆளில்லாத மில்லுக்கு அந்த அம்மாள் எதற்கு என்று துரை தந்தி அடித்து நிறுத்திவிட்டார். தை மாசத்துக்குள் மில் ஓடாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றித் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய்விடுவது என்று கம்பெனி தீர்மானித்திருக்கிறதாம். துரை இதைச் சொல்லும்போது பாய்லரைத் தட்டிக்கொண்டே இருந்தார், மாட்டை விற்கப் போகிறவன் அதன் முதுகைத் தட்டுவது போல.

தை 3

பிரமுவின் வளைகாப்பு.

கூடத்தில் கோலம் போட்டு, புளியோதரை, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு எல்லாம் விடியும் முன்பே அவளே கிளறி வைத்துவிட்டாள். தாயில்லாப் பெண். அண்ணன்மார் பெண்டாட்டிகள் வந்துதான் முதல் வளையல் போட வேண்டும். அக்கரையிலிருந்து ஆள் வந்தது. மூன்று மதினிமாரும் இன்று வீட்டுக்கு விலக்காம். மூன்று பேருக்கும் ஒரே நாளில்.

வளையல் செட்டியார் வந்தார். வாசலிலேயே மூட்டையை இறக்கி, வளையல்களைத் தாம்பாளத்தில் கொட்டிவிட்டு, "நல்லா இருங்கம்மா" என்று சொல்லி நிற்காமல் போய்விட்டார். வேறு யாரும் வரவில்லை. உச்சிவேளை ஆயிற்று. பாயெல்லாம் விரித்தபடி கிடந்தது.

பிரமு மணையிலேயே பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால் எனக்குத் தேவலை. நானே போடட்டுமா என்றேன். "ஆம்பளை போட்டா அது வளைகாப்பா?" என்றாள். பிறகு, "மலடின்னு சொல்லும்போதாவது அடுப்படி வரைக்கும் விட்டாவ. இப்ப பக்கத்துல வரவே பயப்படுதாவ" என்றாள்.

சோற்றை எல்லாம் மாட்டுக்கு வைத்தோம்.

தை 5

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

காலையில் பிரமு அதே பட்டுச்சேலையைக் கட்டினாள். மேலே துரை கொடுத்த சிவப்புக் கம்பளியைப் போர்த்தினாள். வளையல் தாம்பாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். "எங்கே?" என்றேன்.

"எஞ்சினுக்கு ஒரு பொம்பளை வேணும்னு கேட்டுதாமே. போயி என்னன்னு கேட்டுட்டு வாரேன்."

"ஏளா, உனக்குப் பைத்தியமா?"

"அத்தான், எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க நம்புதியளா, இல்லையா? நம்பினா விடுங்க. நம்பலேன்னா இப்பவே சொல்லுங்க, தாலியக் கழத்தி வச்சுட்டுப் போறேன்."

நம்புகிறேன் என்றேன். படித்தவன் வேறு என்ன சொல்ல முடியும்?

கடைத்தெரு நடுவே நடந்தாள். பூதத்தான் கடையில் பேச்சு நின்றுபோயிற்று. வீடுகளிலிருந்து ஜனம் வெளியே வந்து, எட்ட நின்றபடியே பின்னால் நடந்தது. ஆற்றைத் தாண்டிச் செய்தி போய், அக்கரை ஜனமும் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தது. நெடுங்கரையில் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மில் கேட்டில் துரை நின்றார்; பாய்லரைச் சோதித்துப் பார்க்க ராத்திரியிலிருந்து தானே கரி போட்டு நெருப்பு மூட்டியிருந்தார். பிரமு நேராக அவரிடம் போய்த் தமிழிலேயே சொன்னாள்: "உங்க ஊர் வழக்கப்படி நான் ஓட்டி வைக்கேன்." நான் இங்கிலீஷில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் துரைக்குப் புரிந்துவிட்டது. அவர் அவளுடைய வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார்.

நான் கேட்டிலேயே நின்றுகொண்டேன். அவ்வளவு பெரிய கூட்டத்தைச் சமாளிக்க ஓர் ஆளாவது வேண்டுமல்லவா.

எஞ்சின் வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. சக்கரம் பாதி குழிக்குள், பாதி மேலே. மேலே இருந்த பாதியே ஓட்டுவீட்டை விட உயரம். அதற்கு முன்னால் சிவப்பாக ஒரு பொட்டு, அதுதான் பிரமு. அவ்வளவு சின்னவளாக அவளை நான் பார்த்ததே இல்லை. துரை நீராவியைத் திறக்கிற பித்தளை வளையத்தைக் காட்டினார். அவள் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள்.

எங்கேயோ பூமிக்கு அடியிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு சீறிக்கொண்டு வெள்ளை ஆவி கிளம்பி வாசலை மூடியது. சிவப்புப் பொட்டு மறைந்துவிட்டது. எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி, "போச்சு, எடுத்துக்கிட்டுது" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. எதை எல்லாம் கத்தினேன் என்றும் தெரியாது. முருகனைக் கூப்பிட்டேனாம், சுடலைமாடனைக் கூப்பிட்டேனாம், இங்கிலீஷில் துரையைத் திட்டினேனாம். ஆவிக்குள் புகுந்து அவள் தோளைப் பிடித்துவிட்டேன். தோள் சூடாக, முழுசாக இருந்தது.

"அத்தான், வேட்டி அவிழுது" என்றாள்.

கட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். சக்கரம் அசைந்தது. ஏதோ யோசிப்பது போல மெதுவாக ஒரு தரம் சுற்றியது. அப்புறம் இன்னொரு தரம். அப்புறம் அதற்கு யோசனையே இல்லை. கயிறுகள் ஓடின, தண்டுகள் சுற்றின, மேல்மாடி முழுவதும் கடகடவென்று உயிர் வந்தது. காலடித் தரை கோயில் மேளம் அடிக்கும்போது அதிருவது போல் அதிர்ந்தது. அத்தனை இரும்பையும் இந்த இரண்டு கைதான் எழுப்பியது. கண்ணில் நீர் வழிய நின்றேன். எஞ்சினைப் பார்த்தா, இவளைப் பார்த்தா என்று கேட்டால் இவளைப் பார்த்துத்தான். பத்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே.

பிரமு வயிற்றில் கை வைத்தாள். "உள்ள இவனும் சுத்துதான்" என்றாள்.

தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள், கூண்டின் நுனியிலிருந்து புகை மலைப்பக்கம் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. கூண்டு நின்றது. அவளும் நின்றாள். மாடக்கண்ணு கொத்தனார் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பிரமு கேட்டில் கிடந்த ஒரு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து, தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினாள். யாரையும் கூப்பிடவில்லை.

முதலில் வந்தது உலகம்மாள்தான். தாம்பாளத்திலிருந்து ஒரு பச்சை வளையலை எடுத்தவள், எடுத்த கையோடு நின்றுவிட்டாள். அவள் கையெல்லாம் காளவாய்ச் சுண்ணாம்பு.

"நான் போடலாமா தாயி? நான் உங்களுக்கு ஒரு முறையும் இல்லையே."

"மதினி முறைக்கு ஆளில்லாம ரெண்டு நாளா உக்காந்திருக்கேன். போடு மதினி" என்றாள் பிரமு.

உலகம்மாள் போட்டாள். போட்டுவிட்டு அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்கு மேல் வரிசையும் இல்லை, முறையும் இல்லை. கரிசல்காட்டுப் பெண்கள், நெசவுகாரர் வீட்டுப் பெண்கள், சேரிப் பெண்கள், வளையல் செட்டியார் பெண்டாட்டி. எங்கள் வீட்டு நடையைக்கூட மிதிக்கக் கூடாது என்று நாங்கள் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அவள் கன்னத்தில் சந்தனம் தடவினார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தாம்பாளம் காலியாயிற்று. பிறகும் வந்தவர்கள் தங்கள் கையிலிருந்ததைக் கழற்றிப் போட்டார்கள். கடைசியில் மதினிமார் மூன்று பேரும் வந்து ஓரமாக நின்றார்கள். பிரமுவின் கையில் அவர்களுக்கு இடம் இல்லை. "கால்ல போடுங்க" என்று நீட்டினாள்.

தை 6

விடிவதற்கு முன் மில்லில் சங்கு ஊதியது. எழுந்து வாசலுக்கு வந்தோம். கிழக்குத் தெருவிலிருந்தும், வரிசை வீடுகளிலிருந்தும், ஆற்றைக் கடந்தும் ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பிரமு வளையல் கையை நடைச்சுவரில் ஊன்றி நின்றாள். போகிற பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் எங்கள் வாசலில் நின்று, "வாரேன் மதினி" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்கள்.